மக்களும் ஆராய்ச்சியாளரும் கூடும் அரங்கு: எல்லைப்புறக் கேரளம் தரும் பாடங்கள்

விஞ்ஞான ஆராய்ச்சிக்கு அரசு செலவிடும் பணம் மக்களின் வரிப்பணம். அவ்வாறாயின், எந்தப் பிரச்சினையை ஆராய வேண்டும் என்று தீர்மானிப்பதிலும் மக்களுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்ற கருத்து இன்று பல நாடுகளில் வலுப்பெற்று வருகிறது. அக்கருத்துக்குச் செயல்வடிவம் தரும் முறைகளுள் ஒன்று 'ஹேக்கத்தான்' எனப்படும் கூட்டு முயற்சியாகும்.

இச்சொல் 1999ஆம் ஆண்டில் கணிப்பொறி வல்லுநரிடையே தோன்றியது. ஓரிரு நாட்கள் ஓரிடத்தில் கூடி, இடைவிடாது உழைத்து, ஒரு பிரச்சினைக்குத் தீர்வின் முதல் மாதிரியை உருவாக்குவதே அதன் பொருள். நாளடைவில் இம்முறை கணிப்பொறித் துறையைக் கடந்து, குடிநீர், வேளாண்மை, பேரிடர்த் தடுப்பு ஆகிய துறைகளுக்கும் பரவியது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' இவ்வகையில் பெரியதோர் அரசு முயற்சியாகும். அமைச்சகங்கள் தம் பிரச்சினைகளை முன்வைக்க, மாணவர் குழுக்கள் 36 மணி நேரம் தொடர்ந்து உழைத்துத் தீர்வு கண்டன. கேரளத்தில் உயர்கல்வித் துறையின் சார்பில் 'ரீபூட் கேரளா ஹேக்கத்தான்' 2020ஆம் ஆண்டு நடைபெற்றது.

இவற்றில் மாணவர்களும் துறை வல்லுநர்களும் பங்கு பெறுகின்றனர். பிரச்சினையை அன்றாடம் அனுபவிக்கும் குடிமக்கள் பங்கு பெறுகின்றனரா என்பதே கேள்வி. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகள் இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்றவை.

எல்லைப் பகுதிகளின் இயல்பு

இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் இரண்டும் தமிழ்நாட்டைத் தொடுகின்றன. பாலக்காட்டின் கிழக்கே சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊராட்சிகளில் தமிழ் பேசும் மக்கள் மிகுதி. இடுக்கியில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் பல தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர் வாழ்கின்றனர்.

மழை மிகுந்த மாநிலம் என்று பெயர் பெற்ற கேரளத்தில், கிழக்குச் சித்தூரும் இடுக்கியின் மறையூரும் மழைமறைவுப் பகுதிகளாகும். சித்தூர் விவசாயி ஆழியாற்று நீரை எதிர்நோக்கியிருக்கிறார். 1970ஆம் ஆண்டின் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்கு விடப்பட வேண்டும். எனவே, எந்த வாரத்தில் எவ்வளவு நீர் வரும் என்பது அவருக்குப் பயிரின் உயிர்ப் பிரச்சினையாகும். மூணாற்று மலைச்சரிவிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே மிகுமழையே அச்சத்துக்குக் காரணம். மாநிலம் முழுவதற்கும் பொதுவாக வகுக்கப்படும் ஒரே தீர்வு இவ்விரு இடங்களுக்கும் பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

முன்னோடி முயற்சிகள்

ஹேக்கத்தான் என்ற சொல் வருவதற்கு முன்பே, மக்களையும் ஆராய்ச்சியாளரையும் இணைக்கும் மரபு இப்பகுதியில் வேரூன்றியிருந்தது. பாலக்காடு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டம் ஒன்று முன்மொழியப்பட்டபோது, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் பல துறை அறிஞர்களை ஒன்றுகூட்டி, திட்டத்தின் தொழில்நுட்ப, பொருளாதார, சமூக விளைவுகளை ஆராய்ந்து 1979ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அறிஞர்களின் கணக்கு, மக்களின் விவாதப் பொருளாயிற்று. திட்டம் கைவிடப்பட்டு, 1984ஆம் ஆண்டில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதே பரிஷத் 1987ஆம் ஆண்டில் பாலக்காட்டை அடுத்த முண்டூரில் ஒருங்கிணைந்த கிராமியத் தொழில்நுட்ப மையத்தை நிறுவியது.

அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில், புவி அறிவியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகளும் கிராமத் தொண்டர்களும் இணைந்து ஊராட்சிகளின் நிலம், நீர், பயிர் ஆகியவற்றை வரைபடமாக்கினர். பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களே வயல்வெளிகளில் நடந்து விவரங்களைக் குறித்தனர். 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் இதை மேலும் விரிவாக்கிற்று. மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சி அமைப்புகளுக்கு அளிக்கப்பட்டது. கிராம சபைகள் தேவைகளை எடுத்துரைத்தன. ஓய்வு பெற்ற பொறியாளர், மருத்துவர், வேளாண் அலுவலர் முதலியோரைக் கொண்ட தன்னார்வத் தொழில்நுட்பக் குழுக்கள் திட்டங்களைச் சீர்தூக்கிப் பார்த்தன. பாலக்காடு மாவட்ட ஊராட்சி கரிம்பா அருகே மீன்வல்லத்தில் 3 மெகாவாட் சிறு நீர்மின் நிலையத்தை அமைத்து, 2014ஆம் ஆண்டில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது, உள்ளாட்சி அமைப்பொன்று தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்க இயலும் என்பதற்குச் சான்றாகும்.

விவசாயியின் அறிவும் விஞ்ஞானியின் அறிவும்

குடிமக்கள் பிரச்சினையைச் சொல்பவர் மட்டுமல்லர். தீர்வு காண்பவரும் ஆவர். இடுக்கியில் பெருவாரியாகப் பயிராகும் 'ஞள்ளானி' ஏலக்காய் ரகம் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்ததன்று. கட்டப்பனைப் பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தின் கூர்ந்த கவனிப்பால் தெரிந்தெடுக்கப்பட்ட ரகம் அது. மயிலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் அதே மாவட்டத்தில் உள்ளன என்பது நோக்கத்தக்கது. ஆராய்ச்சி நிலையம் சோதிக்கும் முறையை அறியும். விவசாயி தன் தோட்டத்தின் ஒவ்வொரு தூரையும் அறிவார். இரண்டும் சேரும் இடத்திலேயே பயன் பெருகும்.

அத்தகைய சேர்க்கைக்கு மறையூர்ச் சர்க்கரை நல்ல எடுத்துக்காட்டு. கரும்புச் சாற்றைக் காய்ச்சி உருண்டையாகப் பிடிக்கும் அத்தொழில் உள்ளூர் மக்களுடையது. அதன் தனித்தன்மையை ஆவணப்படுத்திப் புவிசார் குறியீடு பெறுவதற்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் துணை நின்றது. 2019ஆம் ஆண்டில் அக்குறியீடு கிடைத்தது. காந்தளூர்–வட்டவடைப் பூண்டும் பின்னர் அவ்வாறே குறியீடு பெற்றது.

பெட்டிமுடி எழுப்பும் கேள்வி

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை மூடியது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தகவல் தொடர்பு அற்றுப் போயிருந்தமையால், செய்தி வெளியுலகை எட்டுவதற்கு மறுநாள் காலையாயிற்று.

நிலச்சரிவை முன்னறியும் விஞ்ஞானம் அப்போது அம்மலைக்குப் புதிதன்று. மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம், மண்ணின் ஈரத்தையும் நீர் அழுத்தத்தையும் அளக்கும் உணர்கருவிகளைப் பதித்து, எச்சரிக்கை அமைப்பொன்றைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுவியிருந்தது. ஆயினும், ஒரு சரிவில் பதித்த கருவி பல மைல்களுக்கு அப்பாலுள்ள மற்றொரு சரிவைக் காக்க இயலாது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் விலையுயர்ந்த கருவி வைப்பதும் எளிதன்று. ஆனால் குடியிருப்புதோறும் ஒரு மழைமானி, அதை நாள்தோறும் படித்துக் குறிக்கப் பயிற்சி பெற்ற இருவர், மின்சாரம் அற்றாலும் செய்தி அனுப்பும் வழி, மழை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எங்கே செல்வது என்ற முன்னேற்பாடு ஆகியவை பெருஞ்செலவின்றிச் செய்யத் தக்கவை. அந்த அளவு எவ்வளவு என்பதை விஞ்ஞானி கூற வேண்டும். இரவில் எந்த வழி நடக்கத் தகுந்தது என்பதைத் தொழிலாளி கூற வேண்டும். இருவரையும் ஒரே மேசையில் அமர்த்துவதே கூட்டரங்கின் பணியாகும்.

அவசர காலத்தில் இத்தகைய ஒத்துழைப்பு இயலும் என்பதை 2018ஆம் ஆண்டு வெள்ளம் காட்டிற்று. தன்னார்வப் பொறியாளர்கள் மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கத்துடன் சேர்ந்து, மீட்புக் கோரிக்கைகளைப் பதிவு செய்யும் இணைய ஏற்பாட்டை மிகக் குறுகிய காலத்தில் உருவாக்கினர். பேரிடர் வந்தபின் செய்ததைப் பேரிடருக்கு முன் செய்வதற்கே பொது நிதி தேவைப்படுகிறது.

நிதி எங்கிருந்து வரலாம்?

இதற்கான நிதி வழிகள் முற்றிலும் புதியன அல்ல. பதின்மூன்றாவது நிதிக்குழு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் 1 கோடி ரூபாய் வீதம் 'மாவட்டப் புத்தாக்க நிதி' அளிக்கப் பரிந்துரைத்தது. மத்திய அமைச்சரவை 2018 டிசம்பரில் 3,660 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்த தேசியத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் 25 தொழில்நுட்ப மையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பாலக்காடு இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ளது. அக்கழகம் 2015ஆம் ஆண்டில் தொடங்கியபோது அதன் தற்காலிக வளாகம் அமைந்த இடம் தமிழ் பேசும் கிழக்குப் பகுதியிலுள்ள கோழிப்பாறையே ஆகும். ஆராய்ச்சிக் கூடத்துக்கும் வறண்ட வயலுக்கும் இடையே தொலைவு குறைவு. குறைவாக இருப்பது தொடர்பே.

நிதியை எவ்வாறு பகிர்வது?

பொதுவாகப் பணம் அரங்கம், விருந்தோம்பல், பரிசு ஆகியவற்றில் செலவாகி, போட்டி முடிந்தவுடன் முயற்சியும் முடிந்துவிடுகிறது. தைவான் நாட்டில் 2018ஆம் ஆண்டு முதல் நடைபெறும் அதிபர் ஹேக்கத்தானில் வெற்றி பெறுவோருக்குப் பணப் பரிசு இல்லை. அவர்களது தீர்வை அரசு நடைமுறைப்படுத்தும் என்ற உறுதிமொழியே பரிசாகும். ஜெர்மனியில் 2020 மார்ச்சில், கொரோனா காலத்தில் ஏறத்தாழ 28,000 பேர் கலந்துகொண்ட கூட்டரங்குக்குப் பின்னர், தேர்ந்த திட்டங்களைத் தொடர்ந்து வளர்ப்பதற்குத் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. இவ்விரண்டின் பாடமும் ஒன்றே: இரண்டு நாள் கூட்டம் தொடக்கமே அன்றி முடிவு அன்று.

ஆகவே நிதியை மூன்று கட்டங்களுக்குப் பகிர்தல் நலம். முதற் கட்டத்தில், கிராம சபைகளிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் பிரச்சினைகளைத் திரட்ட வேண்டும். இரண்டாவது, கூட்டரங்கு. மூன்றாவது, மாதிரிக் கருவியைக் களத்தில் குறைந்தது ஒரு மழைப் பருவமும் ஒரு கோடையும் சோதித்துத் திருத்துவது. இம்மூன்றாம் கட்டத்துக்கே பெரும் பங்கு ஒதுக்கப்பட வேண்டும்.

பங்கேற்பதற்கான தடைகளையும் நிதியே நீக்க வேண்டும். நாட்கூலி பெறும் தொழிலாளி இரண்டு நாள் அரங்கில் அமர்ந்தால் இரண்டு நாள் ஊதியம் இழப்பார். அதை ஈடு செய்யாத அழைப்பு வெறும் சம்பிரதாயமே. ஏலக்காய் பறிப்புக் காலத்தில் கூட்டம் வைத்தால் வருவோர் இரார். விண்ணப்பமும் விளக்கமும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால், எல்லைப் பகுதித் தமிழர் பார்வையாளராகவே நின்றுவிடுவர். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்ட ஏற்பாடுகள் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குத் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை அளித்தன. அலுவலகக் கடிதத்தில் ஏற்கப்பட்ட மொழி ஆராய்ச்சி அரங்கிலும் ஒலிப்பதே முறையாகும்.

உரிமையும் பொறுப்பும்

குடிமக்கள் தரும் அறிவுக்கு உரிய பெயரும் பயனும் கிடைக்க வேண்டும். ஞள்ளானி பரவத் தொடங்கிய காலத்தில் விவசாயிகளின் ரகங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2001ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. கூட்டரங்கில் உருவாகும் தீர்வில் யாருக்கு என்ன பங்கு என்பதை முன்கூட்டியே, புரியும் மொழியில் எழுதிக்கொள்ளுதல் பின்னாளைய பூசலைத் தவிர்க்கும்.

இறுதியாக, கணக்கு. அரசு மானியம் பெறும் நிறுவனம் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்க வேண்டும் என்பது நிதி விதி. அச்சான்றிதழ் பணம் உரிய இனத்தில் செலவாயிற்று என்பதைக் காட்டும். கருவி இயங்குகிறதா என்பதைக் காட்டாது. ஓராண்டுக்குப் பின் அதே கிராம சபையில், அதே மக்கள் முன்னிலையில், கருவி இயங்குவதை ஆராய்ச்சியாளர் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தால், தணிக்கையின் ஒரு பகுதி மக்களிடமே வந்து சேரும். செலவு சிறிதே, ஆனால் அடுத்த பருவமழை இரவில் மலைச்சரிவுக் குடியிருப்பு ஒன்றில் மழைமானியை யாரேனும் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்பது அதைப் பொறுத்தே அமையும்.