கடற்கரை மணலில் ஒரு கலைக் குடியிருப்பு

"சித்திரம் எழுதி வயிறு வளர்க்க முடியுமா?" என்ற கேள்வி நம் நாட்டுப் பெற்றோருக்குப் புதிதன்று. கணக்கு நோட்டின் ஓரத்தில் படம் போடும் பையனைக் கண்டிப்பவர்களில் உபாத்தியாயர்களாகிய நாமும் சேர்ந்தவர்களே. இக்கேள்விக்கு வாயால் அன்றிக் கையால் விடையளித்தவர்கள் சிலர், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் குடியேறினார்கள். அவ்விடமே சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்ற விடுமுறையில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அங்கே சென்று வந்தோம்.

இதன் மூலபுருஷர் கே. ஸி. எஸ். பணிக்கர். 1911-ம் வருஷம் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1957-ல் சென்னை ஓவியக் கலாசாலையின் தலைமைப் பதவியை ஏற்றவர். கெட்டிக்கார மாணவர்கள் தேறி வெளியேறியதும் பிழைப்பைத் தேடித் தூரிகையைக் கீழே வைத்துவிடுவது அவருக்குப் பெருங்கவலை அளித்தது. பிரபுக்களின் தயவை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை என்று கண்டார். துணியில் மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் 'பாத்திக்' வேலையில் அவரும் மாணவர்களும் இறங்கினார்கள். அதை விற்றுச் சேர்த்த பணத்தைக் கொண்டு 1966-ல் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். கைத்தொழில் சோறு போட்டது. அந்தச் சோற்றின் பலத்தில் கலை வளர்ந்தது.

வயிற்றுப் பிரச்னை ஒருவாறு தீர்ந்தாலும், எதை எழுதுவது என்ற பிரச்னை இருந்தது. மேனாட்டு நவீன பாணியைப் பார்த்து எழுதுவதா? அல்லது அஜந்தாவையே திரும்பத் திரும்ப எழுதுவதா? பணிக்கர் இரண்டையும் விடுத்தார். 1963 முதல் அவர் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசைச் சித்திரங்களில் ஜாதகக் கட்டங்களைப் போன்ற கட்டங்களும், எழுத்தைப் போன்ற கோடுகளும் நிறைந்திருக்கின்றன. பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி உருவங்கள் செய்தார். பணிக்கரின் குமாரர் நந்தகோபால் நம் ஆலயச் சிற்ப மரபின் சாயலை உலோகத்தில் புதிதாக வடித்தார். சென்னையில் தோன்றிய இந்த இயக்கத்தின் படைப்புகளுக்கென்றே 2009-ல் அங்கு ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது.

அத்தகைய ஒரு சித்திரத்தின் முன் நின்ற பையன் ஒருவன், "ஸார், இது எந்த பாஷை? படிக்க வரவில்லையே!" என்றான்.

"படிக்க வேண்டாம் தம்பி, பார்" என்றோம். அவ்வாறு சொன்ன பிறகுதான் நமக்கே விஷயம் விளங்கிற்று. எழுத்தறியாத நம் பாட்டிமார் பஞ்சாங்கத்தைப் பக்தியுடன் பார்ப்பார்கள் அல்லவா? அந்தக் கண்ணே இதற்கு வேண்டும்.

பணிக்கர் 1977-ல் காலமானார். அவருடன் குடியேறியவர்களிலும் பலர் இன்று இல்லை. மணற்காடாக இருந்த இடத்தைச் சுற்றிப் பட்டணம் வளர்ந்துவிட்டது. இனி இக்கலை நிலைப்பது கலைஞர்கள் கையில் மாத்திரம் இல்லை. நம் இல்லங்களிலும் இருக்கிறது. பட்டுப் புடவைக்குப் பணம் எண்ணத் தயங்காத நாம், சுவரில் மட்டும் இனாமாக வந்த காலண்டரை மாட்டித் திருப்தியடைகிறோம். வாங்க இயலாவிட்டாலும், ஒரு நாள் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுவது எல்லோராலும் ஆகக் கூடியதே.

பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பையனின் கணக்கு நோட்டைப் பார்த்தோம். ஓரமெல்லாம் கட்டங்களும் புரியாத எழுத்துக்களும்! கண்டிக்க வாய் வரவில்லை. "கணக்கைப் போட்டு முடித்தாயா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம்.