கூட்டுக் கதவை யார் சாத்துவது?

கோழி வளர்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் என்ன பேசுவோம் என்று நினைக்கிறீர்கள்? தீவனம், வெள்ளைக்கழிச்சல், முட்டை விலை எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஊர்க்கதைதான். ஈரோடு மாவட்டத்தில் எங்கள் ஊர் பால் சொசைட்டித் திண்ணையில் தினமும் காலையில் அப்படி ஒரு கூட்டம் கூடுகிறது. லாரி ஓட்டி ஓய்ந்த அண்ணன் ஒருவர், இன்ஜினியரிங் படித்துவிட்டு ஊர் திரும்பிய தம்பி ஒருவர், தெற்குத் தோட்டத்து அக்கா, வங்கியில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிய நான். நாலு பேர் தோட்டத்திலும் சேர்த்து நூற்றைம்பது நாட்டுக்கோழி இருக்கும்.

பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பயணத்தில்தான் வந்து நிற்கும். வேடிக்கை என்னவென்றால், இப்போது எங்களில் யாருமே எங்கேயும் போவதில்லை. கோழிக்காரனுக்கு ஊர் சுற்றல் கிடையாது. பகலெல்லாம் அது பாட்டுக்கு மேயும், பூச்சி பொறுக்கும், தென்னந்தோப்புக் குப்பையைக் கிளறிப் போடும். ஆனால் பொழுது விழுந்ததும் கூட்டுக் கதவைச் சாத்த ஒரு ஆள் வேண்டும். ஒருநாள் மறந்தால் கீரியோ மரநாயோ நாயோ கணக்கை முடித்துவிடும். அதனால்தான் பழைய பயணங்களையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

லாரி அண்ணன் நாமக்கல்லில் முட்டை ஏற்றி, வாளையார் வழியாகக் கேரளாவுக்குப் பல வருடம் ஓட்டியவர். ஒரு மழை ராத்திரி பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றுவிட்டதாம். சாலையோர டீக்கடை அம்மா கதவைத் திறந்து, படுக்கப் பெஞ்சும் குடிக்கச் சுடுகஞ்சியும் கொடுத்திருக்கிறார். காலையில் இவர் ஒரு அட்டை முட்டையை எடுத்து நீட்டினாராம். "முப்பது முட்டைங்க. அந்தம்மா வாங்கலை. 'நீ போய் எண்ணிக் கொடுக்கணுமில்லை, எடுத்துட்டுப் போ'ன்னு சொல்லிருச்சுங்க" என்பார். இந்தக் கதையை நான் ஏழெட்டுத் தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

தம்பி ஒருநாள் தான் வாங்கிய கருங்கோழியைப் பற்றிப் பெருமை பேசினான். கடக்நாத் என்கிற அந்த இனத்துக்கு மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டம்தான் தாய்வீடு. 2018இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு நம் பக்கத்திலும் அதற்கு ஒரே கிராக்கி. (ஈமுவைப் பார்த்த ஈரோட்டுக்காரனுக்குக் கிராக்கி என்றாலே வயிற்றைப் பிசையும், அது வேறு விஷயம்.) இறைச்சி கருப்பு, எலும்பும் கருப்பு. முட்டை மட்டும் கருப்பில்லை, வெளிர் பழுப்புதான். கருப்பு முட்டை என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அது சரியாக அடையும் உட்காராது. தம்பியும் முட்டைகளை நம் நாட்டுக்கோழிக்கு அடியில் வைத்துத்தான் பொரிக்கிறான்.

"நான் அந்த ஊர்லயே ஒரு ராத்திரி படுத்திருக்கேன் தம்பி" என்றேன். 1994இல் பதவி உயர்வில் என்னை இந்தூருக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள். கடன் ஆய்வுக்காக ஜாபுவா பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். பீல் பழங்குடி மக்களின் ஊர். வீடுகள் நம் ஊர்த் தோட்டத்துச் சாளை மாதிரி அவரவர் காட்டிலேயே, மேட்டுக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கும். மழை பிடித்துக்கொண்டது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. ஒரு பாட்டி என்னை உள்ளே கூப்பிட்டு மக்காச்சோள ரொட்டி தட்டிக் கொடுத்தார். படுக்க இடமில்லை. மூலையில் கூடை போட்டுக் கவிழ்த்திருந்த கருங்கோழிகளைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டு, அந்த இடத்தைப் பெருக்கி எனக்குக் கொடுத்தார். விடியும்வரை சேவல் என் காதுக்குள் கூவாத குறை. கிளம்பும்போது பணம் நீட்டினேன், கையை விலக்கிவிட்டார். அவர் பாஷை எனக்குத் தெரியாது. ஆபீஸ் இந்தித் தேர்வில் படித்த 'தன்யவாத்' மட்டும் வந்தது. சொன்னபோது எனக்கே அது ஃபைலில் எழுதுகிற குறிப்பு மாதிரி ஒலித்தது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தெற்குத் தோட்டத்து அக்கா சும்மா உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சொல்ல ஊர் கிடையாது. பழனிக்கு அந்தப் பக்கம் போனதில்லை, கடல் பார்த்ததில்லை. நான் காசி போய் வந்த கதைக்குள் அவர்தான் இருக்கிறார். அதைத் திண்ணையில் நான் முழுசாகச் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

போன தை மாதம் நானும் வீட்டுக்காரியும் ஒன்பது நாள் பயணமாகக் காசிக்குக் கிளம்பினோம். கோழிகளை அக்காதான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். விட்டேனா? வங்கிப் புத்தி. வெள்ளைத்தாளில் பட்டியல் போட்டேன். சேவல் 3, முட்டைக்கோழி 19, வெடைக்கோழி 15, ஆக மொத்தம் 37. இந்த 19இல் ஒன்று அடையில் இருக்கிறது, 11 முட்டை, வைத்து 12 நாள். இரண்டு பிரதி எடுத்து, கேஷ் சாவி ஒப்படைப்பது போல ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். கையெழுத்து கேட்காததுதான் பாக்கி. அக்கா அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

காசியில் பிடித்தமானது ஒன்றை விட வேண்டும் அல்லவா. எனக்கு ஆகவே ஆகாத பாகற்காயை விட்டுவிட்டு, கங்கைச் சொம்போடு வந்து சேர்ந்தேன். வந்த அன்று 21ஆம் நாள். கொடாப்பைத் தூக்கி அக்கா காட்டினார், ஒன்பது குஞ்சு. பெரிய கோழிகளை எண்ணினேன். 37. கணக்கு நேராக இருந்தது. "பரவாயில்லையே அக்கா" என்றேன், ஏதோ கேஷியரைப் பாராட்டுவது போல.

மறுநாள் பகலில் இரண்டு வெடைகளை மற்றக் கோழிகள் கொத்தித் துரத்திக்கொண்டே இருந்தன. தீவனத் தட்டுப் பக்கமே விடவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் கதவைச் சாத்தப் போகிறேன், 35தான் அடைந்திருக்கிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடினால், அந்த இரண்டும் வாய்க்காலைத் தாண்டித் தெற்கே போய்க்கொண்டிருந்தன. பின்னாலேயே போனேன். நேராக அக்கா வீட்டுக் கூட்டுக்குள் நுழைந்து, பரணில் தங்கள் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. பிறந்த கூட்டைக் கோழி அவ்வளவு சீக்கிரம் மறக்காது. புதிதாக வாங்கினால் ஒரு வாரமாவது அடைத்துப் பழக்க வேண்டும் என்று பத்துப் பேருக்குப் பாடம் சொன்னவன் நான்.

அக்கா அடுப்படியிலிருந்து வந்து நின்றார். நாங்கள் போன நாலாம் நாள் ராத்திரி, கம்பி வலைக்கு அடியில் மண்ணைத் தோண்டி நாய் நுழைந்திருக்கிறது. சத்தம் கேட்டு இவர் தடியோடு ஓடி வருவதற்குள் இரண்டு வெடை போய்விட்டது. பள்ளத்தைக் கல் போட்டு மூடிவிட்டு, மீதி ஐந்து ராத்திரியும் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே படுத்திருக்கிறார். தை மாதப் பனியில், அறுபத்தெட்டு வயதில். தன் கூட்டிலிருந்து இரண்டைக் கொண்டுவந்து போட்டுக் கணக்கை நேர் செய்திருக்கிறார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே அக்கா."

"ஏனுங்க தம்பி, கோயிலுக்குப் போனவங்களுக்குக் கூப்பிட்டுச் சொல்ற சமாச்சாரமுங்களா இது? நீங்க சீட்டு எழுதிக் கொடுத்துட்டுப் போனீங்க. அதுல முப்பத்தேழுன்னு இருந்துச்சு."

எனக்கு நாக்கு எழவில்லை. நம் ஊரில் நன்றி என்று வாய்விட்டுச் சொன்னால் அந்நியமாக்கிவிட்டதாக நினைப்பார்கள் என்பது ஒரு பக்கம். அந்தச் சீட்டை எழுதியவன் நான் என்பது இன்னொரு பக்கம். முதல் வேலையாகக் கூட்டைச் சுற்றி ஒரு அடி ஆழம் தோண்டி, வலையை மண்ணுக்குள் இறக்கிக் கல் வைத்துக் கட்டினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. வலையைப் புதைக்காமல் விட்டிருக்கிறவர்கள் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

ஆனால் அக்காவுக்கு என்ன செய்வது? சேலை வாங்கிக் கொடுத்தோம். "எதுக்குங்க இதெல்லாம்" என்று மடியில் வைத்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அப்புறம் ஒருநாள் வீட்டுக்காரிதான் சொன்னாள், ஊர்க்காரர்கள் பஸ் பிடித்து ராமேஸ்வரம் போகும்போதெல்லாம் அக்கா பேர் கொடுப்பதும், கோழிக்கு ஆளில்லை என்று கடைசியில் நின்றுகொள்வதும் ஆறேழு வருடமாக நடக்கிறதாம். அடுத்த தோட்டத்தில் இருக்கிற எனக்கு இது தெரியாது.

திண்ணையில் பேசினோம். பால் மாடு லாரி அண்ணன் பொறுப்பு. பகலில் தீவனம், தண்ணீர் தம்பி பார்த்துக்கொள்வான். சாயங்காலம் கதவு என் பொறுப்பு. காசித் தீர்த்தம் ராமேஸ்வரத்தில் சேர்ந்தால்தான் யாத்திரை முழுமை என்பார்கள். என் சொம்பு பூஜை அலமாரியிலேயே கிடந்தது. அதை அக்கா கையில் கொடுத்தேன். சேலையை வாங்கியபோது இல்லாத ஒரு சிரிப்பு அப்போது வந்தது. "உங்க பேரைச் சொல்லி ஊத்தச் சொல்றனுங்க" என்றார்.

நேற்று ராத்திரி பஸ் ஏறிவிட்டார். ஏறுவதற்கு முன் கேட்டேன், "மொத்தம் எத்தனை கோழிங்கக்கா?"

"அதை யாருங்க எண்ணுனாங்க? பொழுது விழுந்தா எல்லாம் வந்துருமுங்க. நீங்க கதவைச் சாத்துனாப் போதும்."

மணி ஐந்தே முக்கால் ஆகிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.