சீனத்துக் கருந்தேநீர்க் கிண்ணங்கள்

கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் மண்குவளையில் தேநீர் அருந்தியிருப்பார்கள். அருந்தி முடிந்ததும் அதனை எறிந்துவிடுவது அவ்வூர் வழக்கம். ஆனால் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டுத் துணியில் பொதிந்து காக்கப்பட்டு வரும் மண்கிண்ணங்களும் உலகில் உண்டு. அவை யாவை? அவற்றுக்கு அத்துணைப் பெருமை எவ்வாறு வந்தது?

சீனத்தின் தென்கிழக்கில் உள்ள பூஜியான் மாகாணத்தில், ஜியான்யாங் என்னும் ஊரையடுத்த சூளைகளில் உருவானவை அவை. 960 முதல் 1279 வரை ஆண்ட சொங் மரபினர் காலத்தில் இக்கிண்ணங்கள் பெரும் புகழ் பெற்றன. அந்நாளில் தேயிலையைப் பொடி செய்து, கிண்ணத்திலிட்டு வெந்நீர் வார்த்து, மூங்கில் மத்தினால் நுரை எழக் கடைந்து பருகினர். வெண்ணுரை எடுப்பாகத் தோன்றக் கருநிறக் கிண்ணமே ஏற்றது; சூடு ஆறாதிருக்கத் தடித்த சுவரும் வேண்டும். ஹுயிசொங் பேரரசரே 1107-இல் இயற்றிய தேநீர் நூலில் இத்தகைய கிண்ணங்களைச் சிறப்பித்துள்ளார்.

இவற்றின் அழகு தூரிகையால் தீட்டப்பட்டதன்று, தீயினால் விளைந்தது. களிமண்ணிலும் மேற்பூச்சிலும் இரும்புச் சத்து மிகுதி. ஏறத்தாழ 1,300 பாகை வெப்பத்தில் உருகிய பூச்சினுள் குமிழிகள் எழுந்து இரும்பை மேற்பரப்பிற்குக் கொணர்கின்றன. அவை புள்ளிகளாகவே உறைந்தால் 'எண்ணெய்த் துளி'. கீழ்நோக்கி வழிந்து கோடுகளானால் 'முயல் மயிர்'. எது அமையும் என்று குயவரால் உறுதி கூற இயலாது. ஆகவே ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. இதுவே சேகரிப்போரை ஈர்க்கும் முதற்காரணம்.

தியன்மு மலை மடங்களில் பயின்ற ஜப்பானியத் துறவிகள் இவற்றைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றனர். அம்மலையின் பெயரே ஜப்பானிய மொழியில் 'தென்மோக்கு' என்று திரிந்து கிண்ணத்திற்கும் பெயராயிற்று. புள்ளிகளைச் சுற்றி நீல ஒளி வட்டமிடும் 'யோஹென்' வகையில் மூன்று கிண்ணங்களை ஜப்பான் தேசியச் செல்வங்களாக அறிவித்துள்ளது. அவை தோக்கியோ, ஒசாக்கா, கியோத்தோ நகரங்களில் உள்ளன.

2016-இல் நியூயார்க் ஏலத்தில் எண்ணெய்த் துளிக் கிண்ணம் ஒன்று 1 கோடியே 17 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதன் அழகு மட்டுமே அவ்விலையைப் பெற்றுத் தரவில்லை. ஜப்பானின் குரோதா குடும்பத்தாரிடம் இருந்தது என்னும் வரலாறும் உடன் வந்தது. ஜியான்யாங்கில் இன்றும் குயவர்கள் பழைய முறையில் கிண்ணம் வனைகிறார்கள். பழையதெனப் பொய் கூறி விற்கப்படும் புதியனவும் சந்தையில் உண்டு. எனவே தேர்ந்தவர்கள் கிண்ணத்தைக் கவிழ்த்து அடிப்பகுதியையே முதலில் நோக்குவர். அங்கே பூச்சு அடிவரை இறங்காமல், தடித்த விளிம்பாகத் திரண்டு நின்றிருக்கும். அதற்குக் கீழே கருமண் பூச்சின்றித் தெரியும். அதன்பின் அவர்கள் கேட்கும் வினா ஒன்றே: இது இதுவரை யார் யார் கையில் இருந்தது? அதற்கு விடையில்லையேல், எத்துணை அழகிய கிண்ணமாயினும் வாங்கத் தயங்குவர்.