வீடு நியூஜெர்சி, ஆபீஸ் நியூயார்க்: ஒர்க் ஃப்ரம் ஹோம் பார்த்தால் எந்த மாநிலத்துக்கு வரி கட்டணும்?

நம்ம ஊர்ல சம்பளத்துக்கான வருமான வரி மத்திய அரசுக்கு மட்டும்தான். மாநிலத்தில் பிடிப்பது தொழில் வரி. அது வருஷத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. அதனால் சென்னையில் உட்கார்ந்து பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவருக்கு, வருமான வரி எந்த மாநிலத்துக்கு என்ற கேள்வியே வராது.

அமெரிக்காவில் கதை வேற. அங்கே மத்திய அரசுக்கு ஒரு ரிட்டன், பெரும்பாலான மாநிலங்களில் மாநில அரசுக்குத் தனியாக இன்னொரு ரிட்டன். வீடு ஒரு மாநிலத்திலும் கம்பெனி இன்னொரு மாநிலத்திலும் இருந்தால் குழப்பம் ஆரம்பிக்கிறது. எடிசன் பக்கம் வீடு, மன்ஹாட்டனில் ஆபீஸ் என்று இருக்கும் நம்ம ஐடி ஊழியர்கள் பலருக்கு இது வருஷா வருஷம் வரும் தலைவலி.

பொதுவான விதி என்ன?

நீங்க வசிக்கும் மாநிலம் உங்க மொத்த வருமானத்துக்கும் வரி கேட்கும், அது எங்கிருந்து வந்தாலும் சரி. அடுத்து, எந்த மாநிலத்தில் உடலால் இருந்து வேலை பார்த்தீங்களோ, அந்த மாநிலமும் அங்கே சம்பாதித்த பகுதிக்கு வரி கேட்கலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருக்கு என்பது பொதுவாக முக்கியமில்லை. வட கரோலினா வீட்டிலிருந்தே கலிபோர்னியா கம்பெனிக்கு வேலை பார்த்து, கலிபோர்னியா பக்கமே போகாத ஊழியரின் சம்பளத்துக்கு வட கரோலினாவில் மட்டும்தான் வரி.

டெக்சாஸ், புளோரிடா, வாஷிங்டன் உள்ளிட்ட 9 மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது.

அப்போ நியூயார்க்கில் மட்டும் என்ன பிரச்சனை?

அங்கே 'கன்வீனியன்ஸ் ரூல்' என்று ஒன்று இருக்கு. ஊழியரின் முதன்மை அலுவலகம் நியூயார்க்கில் இருந்து, அவர் தன் வசதிக்காக வேறு மாநில வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தால், அந்த நாளும் நியூயார்க்கில் வேலை பார்த்த நாளாகவே கணக்காகும். கம்பெனியின் தேவைக்காக வெளியே இருந்தால்தான் விலக்கு. டல்லாஸில் இருக்கும் கிளையன்ட் இடத்துக்குக் கம்பெனியே அனுப்பினால் அது விலக்கில் வரும். 'வீட்டில் நல்லா வேலை ஓடுது' என்பது வராது. வீட்டையே கம்பெனியின் அலுவலகமாகக் காட்டவும் வழி உண்டு. ஆனா நிபந்தனைகள் கடுமை. ஆபீஸில் வைக்க முடியாத சிறப்புக் கருவி வீட்டில் இருக்கா என்ற அளவுக்குக் கேட்பார்கள். லேப்டாப்பும் வைஃபையும் போதாது. பென்சில்வேனியா, டெலாவேர் போன்ற சில மாநிலங்களிலும் இதே மாதிரி விதி இருக்கு.

இது கொரோனாவுக்குப் பிறகு வந்த விதி என்று நினைக்க வேண்டாம். கனெக்டிகட்டில் வசித்த சட்டப் பேராசிரியர் எட்வர்ட் ஜெலின்ஸ்கி, வீட்டில் வேலை பார்த்த நாட்களுக்கு நியூயார்க் வரி கேட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2003-ல் நியூயார்க்கின் உச்சபட்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கொரோனா காலத்தில் மாசசூசெட்ஸ் கொண்டுவந்த இதே மாதிரியான தற்காலிக விதியை எதிர்த்து, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஜூனில் அந்த மனுவை விசாரிக்கவே நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஒரே சம்பளத்துக்கு ரெண்டு தடவை வரியா?

பெரும்பாலும் இல்லை. வேறு மாநிலத்துக்குக் கட்டிய வரியை, வசிக்கும் மாநிலம் 'கிரெடிட்' ஆகக் கழித்துக்கொடுக்கும். ஆனா அதிலும் ஒரு கணக்கு இருக்கு.

வருஷம் 1,00,000 டாலர் சம்பளம், திருமணமாகாதவர், நியூஜெர்சி வீடு, நியூயார்க் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க் வரி சுமார் 5,000 டாலர் வரும். அதே சம்பளத்துக்கு நியூஜெர்சி வரி சுமார் 4,200 டாலர்தான். நியூஜெர்சி தன் 4,200-ஐ முழுசா விட்டுக்கொடுக்கும். மீதி 800-ஐ யாரும் திருப்பித் தர மாட்டார்கள். அதாவது, எந்த மாநிலத்தில் வரி அதிகமோ அந்த அளவு கட்டியாகணும்.

இதில் பெரிய அடி யாருக்குன்னா, 'டெக்சாஸ் போனா மாநில வரி மிச்சம்' என்று வீட்டை மாற்றிவிட்டு, நியூயார்க் ஆபீஸ் கணக்கிலேயே தொடர்ந்து, மாதம் சில நாள் அங்கே போய் வருபவருக்கு. டெக்சாஸில் வரியே இல்லாததால் கழிக்க கிரெடிட்டும் இல்லை. நியூயார்க் வரி அப்படியே கையை விட்டுப் போகும். வீடு மாறும் முன்பே, தன்னை எந்த அலுவலகத்தின் கணக்கில் வைக்கப்போகிறார்கள் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. ஹெச்1பி விசாவில் இருப்பவர் வேறு நகரப் பகுதிக்கு மாறினால், கம்பெனி விசா மனுவையும் திருத்தித் தாக்கல் செய்யணும். அது தனிக் கதை.

நியூஜெர்சிக்கும் இதில் கோபம் உண்டு. தன் மாநிலத்தில் வசிப்பவரின் வரி அப்படியே நியூயார்க்குக்குப் போகுதே! 2023-ல் அது ஒரு சட்டம் போட்டது. நியூயார்க் வரியை எதிர்த்து மேல்முறையீடு செய்து ஜெயிக்கும் நியூஜெர்சிவாசிக்கு, அதனால் நியூஜெர்சிக்குக் கட்ட வேண்டிவரும் வரியில் பாதியைக் கிரெடிட்டாகத் தருவதாக, 2020 முதல் 2023 வரையிலான வரி ஆண்டுகளுக்கு அந்தச் சட்டம் சொன்னது. ஜெயிப்பதுதான் கஷ்டம்.

நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் நடுவே இந்தச் சண்டை இல்லை. ஒப்பந்தப்படி சம்பளத்துக்கு வசிக்கும் மாநிலத்தில் மட்டும் வரி. ஆனா ஃபிலடெல்பியா நகரம் தனியாகப் போடும் சம்பள வரி இந்த ஒப்பந்தத்தில் அடங்காது.

ரிட்டன் போடும்போது கவனிக்க வேண்டியவை

ஜனவரி கடைசிக்குள் கம்பெனி கொடுக்கும் டபிள்யூ-2 படிவத்தில் 15, 16, 17-வது கட்டங்களைப் பாருங்க. எந்த மாநிலத்துக்கு, எவ்வளவு சம்பளத்தைக் காட்டி, எவ்வளவு வரி பிடித்திருக்கிறார்கள் என்பது அங்கே இருக்கும். மாநிலம் தப்பாக இருந்தால் ரிட்டன் போடும் முன்பே கம்பெனியிடம் திருத்தச் சொல்லுங்க.

முதலில் வசிக்காத மாநிலத்தின் ரிட்டனை முடிக்கணும். நியூயார்க்கில் அது ஐடி-203 படிவம். அதில் வரும் வரித் தொகையை வைத்துத்தான் வீட்டு மாநில ரிட்டனில் கிரெடிட் கேட்க முடியும். வரிசை மாறினால் கணக்கு இடிக்கும்.

எந்த நாள் எந்த ஊரில் வேலை பார்த்தீங்க என்று காலண்டரில் குறித்து வைங்க. விமான டிக்கெட், ஹோட்டல் பில் எல்லாம் பத்திரம். நியூயார்க் தணிக்கையில் இந்த ஆதாரங்களை நீங்கதான் காட்டணும்.

மத்திய ரிட்டனுக்கும், இந்த மூன்று மாநிலங்களின் ரிட்டனுக்கும் வழக்கமான கடைசித் தேதி ஏப்ரல் 15. கூடுதல் அவகாசம் வாங்கினால் ரிட்டன் போடத்தான் நேரம் கிடைக்கும். பணத்தை ஏப்ரலிலேயே கட்டணும், இல்லைன்னா வட்டி ஓடும்.