பலகை ஒன்று, கடை வேறு!

பட்டுப் புடவை எடுக்கக் கடைத்தெருவுக்குப் போகிறீர்கள். வாசலில் நீங்கள் பல வருஷமாக அறிந்த அதே பெயர்ப் பலகை தொங்குகிறது. நம்பி உள்ளே நுழைந்தால் புடவையும் இல்லை, ரவிக்கைத் துணியும் இல்லை, யாரோ ஒருவர் சீட்டுக் கட்டைப் பரப்பிக்கொண்டு, "வாருங்கள், ஒரு கை ஆடலாம்!" என்று அழைக்கிறார். உங்களுக்கு எப்படி இருக்கும்?

கடைத்தெருவில் இப்படி நடப்பதில்லை. ஆனால் கைபேசிக்குள் இருக்கும் கடைத்தெருவில் நடக்கிறது. பள்ளிக்கூடத்தின் பெயரைத் தேடினால் அதன் கீழே ஜப்பானிய எழுத்துக்கள் வருகின்றன. அறநிலையம் ஒன்றைத் தேடினால் மாத்திரை விளம்பரம் வருகிறது. "நம் போனில்தான் ஏதோ கோளாறு" என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கோளாறு உங்கள் போனில் அல்ல, சகோதரிகளே!

விலாசத்தில் கை வைத்தால்...

இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் உண்மையான விலாசம் வெறும் எண்கள்தான். அவற்றை யார் மனப்பாடம் செய்வது? அதற்காக 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் ஒரு முறையை வகுத்தார். பெயரைச் சொன்னால் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் விலாசப் புத்தகம் என்று அதை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தில் எண்ணை மட்டும் ஒருவன் மாற்றி எழுதிவிட்டால்? பெயர் சரியாகவே இருக்கும். போய்ச் சேரும் வீடுதான் வேறாக இருக்கும்!

2013 ஆகஸ்ட் 27-ந் தேதி 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகைக்கே இந்தக் கதி நேர்ந்தது. சிரியா அரசை ஆதரித்த 'சிரிய மின்னணுப் படை' என்ற கூட்டம் அதைச் செய்தது. பத்திரிகையின் கணினிகளை அவர்கள் உடைத்துப் புகவில்லை. பத்திரிகையின் இணையப் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்தது மெல்போர்ன் ஐ.டி. என்ற ஆஸ்திரேலிய நிறுவனம். அதன் முகவர் ஒருவரின் ரகசியச் சொல்லைப் பொய் மின்னஞ்சல் அனுப்பிக் கறந்துகொண்டு, விலாசத்தை மாற்றி எழுதினார்கள். வீட்டுக்குப் பெரிய பூட்டு. சாவியோ அடுத்த வீட்டு மாடத்தில்!

பரணில் ஒளிந்த திருடன்

இன்னொரு வகைத் திருடன் விலாசத்தைத் தொடுவதில்லை. பழைய மென்பொருளைப் புதுப்பிக்காமல் வைத்திருக்கும் தளத்தில் நுழைந்து, பரணில் ஏறி உட்கார்ந்து, பொய்ப் பக்கங்களை அடுக்குகிறான். சாதாரணப் பள்ளிக்கூடத்தின் தளத்தில் அவனுக்கு என்ன லாபம்?

லாபம் அதன் நல்ல பெயர்! 1998-ல் கூகிளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும், பல தளங்கள் சுட்டிக்காட்டும் பக்கத்துக்கு மதிப்பு அதிகம் என்ற விதியை வைத்துக்கொண்டார்கள். சம்பந்தம் பேசும்போது, "நாலு பேரிடம் விசாரித்தோம், நல்ல இடம்" என்கிறோமே, அதே கணக்கு. அந்த நல்ல பெயரின் நிழலில் திருடன் தன் சரக்கை விற்கிறான்.

இதில் பெரிய தந்திரம் ஒன்று உண்டு. தேடுபொறி வந்து பார்க்கும்போது ஒரு முகம், தளத்தின் சொந்தக்காரர் வந்து பார்க்கும்போது வேறொரு முகம். அவர் கண்ணுக்கு எல்லாம் பழையபடியே தெரியும். தேடுகிற நமக்குத்தான் விபரீதம் தெரிகிறது.

'நாலு பேர் பேச்'சையே ஜோடிப்பதும் உண்டு. 2003-ல் சில குறும்பர்கள் ஒன்றுசேர்ந்து, 'பரிதாபத் தோல்வி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் தங்கள் பக்கங்களில் எழுதி, அவற்றை அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்போடு இணைத்தார்கள். அந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு முதலில் வந்தது அவருடைய பக்கம்! அந்தப் பக்கத்தில் அச்சொற்கள் இல்லவே இல்லை. 2007 ஜனவரியில்தான் கூகிள் தன் முறையைத் திருத்தி இதற்கு முடிவு கட்டியது.

நம் வீட்டுக்கு என்ன வந்தது?

ஜனாதிபதி விஷயத்தில் சிரித்துவிட்டுப் போகலாம். காஸ் கம்பெனியின் எண்ணையோ, வங்கியின் எண்ணையோ தேடும்போது மோசடிக்காரனின் எண் வந்து நின்றால் சிரிக்க முடியாது. மறுமுனையில் மிக மரியாதையாகப் பேசுவான். "ஒரு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், அம்மா" என்பான், "இப்போது வந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்" என்பான். சொன்னால் மாதச் சம்பளம் முழுவதும் போய்விடும்.

ஆகவே எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். பாஸ் புத்தகத்திலும், வங்கி அட்டையின் பின்புறத்திலும், காஸ் ரசீதிலும் பாருங்கள். வங்கித் தளங்களுக்கு இப்போது ஓர் அடையாளமும் உண்டு. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் பெயருக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. முதல் சாய்கோட்டுக்கு முன்னால் பெயர் அப்படி முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் 'பேங்க்' என்று இருப்பது போதாது.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் கை மாறுவதற்குள் சொன்னால் தடுத்து நிறுத்த வழியுண்டு. வீட்டில் திட்டுவார்களே என்று ஒளிப்பதுதான் திருடனுக்குப் பெரிய உதவி.

கடைசியாக ஒன்று. தெரிந்த பள்ளிக்கூடத்தின் பெயரில் மாத்திரை விளம்பரம் கண்டால், அதைத் தொடாமல், அந்தப் பள்ளிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பரணில் ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெருவிலிருந்து பார்க்கிற உங்களுக்குத்தானே தெரிகிறது!