பல்லுக்கும் பாலுக்கும் நடுவே ஒரு துணைக்கால்

ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கும் உயிரெழுத்துப் படஅட்டைகளில் ‘உ’வுக்கு உரல், ‘ஓ’வுக்கு ஓடம், ‘ஔ’வுக்கு ஔவையார் என்றிருக்கும். மிக்ஸி ஓடும் வீட்டுப் பிள்ளைக்கு உரலைத் தெரியாது. ஓடத்தைக் காட்டினால் ‘படகு’ என்கிறது. ஔவையைக் காட்டினால் ‘பாட்டி’ என்கிறது. அது சொல்வது தப்பே இல்லை. படத்தைப் பார்த்ததும் பிள்ளை வாயில் எந்தச் சொல் வருகிறதோ, அந்தச் சொல்லின் முதல் எழுத்தைச் சொல்லித்தரத்தான் அந்த அட்டை உதவும்.

படஅட்டை நமக்குப் புதிதல்ல. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி முறையைப் பின்பற்றி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007இல் மாநிலம் முழுக்கப் பரவியது. அதில், பாடங்களை வரிசைப்படுத்திய கற்றல் ஏணியில் தான் நிற்கும் இடத்தைப் பார்த்து, பிள்ளையே அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் போய் உட்காரும். 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் வகுப்புகளிலும் அட்டைகள் உண்டு. ஆனால் டீச்சர் தூக்கிக் காட்ட, வகுப்பே கோரஸாகக் கத்துவதற்கா அட்டை? அது பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

ஒரு பல் படம், ஒரு பால் டம்ளர் படம், ‘ப’, ‘ல்’ என்று இரண்டு எழுத்தட்டைகள், தனியாக ஒரு துணைக்கால். இவ்வளவு போதும். பல் படத்துக்குக் கீழே ‘ப’வையும் ‘ல்’லையும் வைக்கச் சொல்லுங்கள். பிறகு துணைக்காலை நடுவில் நகர்த்தச் சொல்லுங்கள். ‘பா…ல்’ என்று இழுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிள்ளை தானே டம்ளர் படத்தைத் தேடி எடுக்கும். குறில் நெடில் என்று ஒரு வார்த்தை விளக்க வேண்டியதில்லை. கல்–கால், மலை–மாலை என்று அடுத்தடுத்துப் போகலாம்.

படமும் சொல்லும் ஒரே அட்டையில் வேண்டாம். இருந்தால் பிள்ளை படத்தைத்தான் வாசிக்கும்; எழுத்துப் பக்கம் கண் போகாது. தனித்தனியாக வைத்தால்தான் தேடிப் பொருத்தும்.

அடுத்து, கதை. சந்தைக் காட்சிகள் நான்கைக் கலைத்துக் கொடுத்தால், பிள்ளைகள் ஆளுக்கொரு வரிசையில் அடுக்குவார்கள். ‘ஆயா சந்தைக்குப் போச்சு’ என்று ஒருத்தி சொன்னால், ‘சென்றார்’ என்று திருத்தாமல் அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். தான் சொன்னதையே வாசிக்கிறபோது அடுத்த சொல்லை அவளால் ஊகிக்க முடியும். திருத்தம் பிறகு வரலாம்.

அழகாக லேமினேட் செய்து, ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் பீரோவைத் திறக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கமே நல்ல அட்டை. கிழிந்தால் பிள்ளைகளே இன்னொன்று வரைந்துகொள்வார்கள். உரல் இருந்த இடத்தில் உளுந்துவடை வந்தாலும் ‘உ’ வந்துவிடும்.