ஹாலில் இடம் கிடைக்காத விமானம்

இரவு நிகழ்ச்சி முடித்து வீடு வந்து சேர மணி ஒன்றரை ஆகிவிடும். உடனே தூக்கம் வராது. ஒலிபெருக்கியில் இத்தனை நேரம் பேசிய வாய்க்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மேசை விளக்கைப் போட்டு பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டுவது என் பழக்கம். இதுவரை பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் ஒட்டினேன். இந்த முறை ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தேன்: 1941 டிசம்பர் 10.

அன்று தென் இந்தோசீனாவிலிருந்து கிளம்பிய ஜப்பானியக் கடற்படையின் 80க்கும் மேற்பட்ட விமானங்கள், குவாந்தானுக்கு அப்பால் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களையும் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டார்கள். ஜப்பான் இழந்தது மூன்றே விமானங்கள். பள்ளியில் இதை இரண்டு வரியில் படித்துக் கடந்திருப்போம்.

வந்தவற்றில் பெரும்பாலானவை பழைய ரகம். கனோயா பிரிவு மட்டும் புதிய மிட்சுபிஷி ஜி4எம்1 விமானங்களைக் கொண்டு வந்தது. நான் செய்தது அதைத்தான், 72இல் ஒரு பங்கு அளவில். 25 மீட்டர் இறக்கை என் மேசையில் 35 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

பெட்டிப் படத்தை நம்பி மேற்புறம் முழுக்கப் பச்சை அடித்தேன். இறக்கை முன்விளிம்பில் மஞ்சள் பட்டையும் போட்டாயிற்று. அப்புறம்தான் பழைய படங்களைப் பார்த்தேன். அதெல்லாம் போரின் பிற்பகுதி அலங்காரம்! 1941இல் மேலே பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக இருக்கும். அடிவயிறு சாயம் பூசாத அலுமினியம். மஞ்சள் பட்டையே கிடையாது. மூன்று வார வேலையைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முதலிலிருந்து தொடங்கினேன்.

அடிவயிற்றையும் அறுக்க வேண்டியிருந்தது. டார்ப்பிடோ கொண்டு போகும்போது அந்த மூடியைக் கழற்றிவிடுவார்கள். டார்ப்பிடோவின் வாலில் மரத் தகடுகள் இருக்கும். காற்றில் நேராகப் பாய உதவிவிட்டு, தண்ணீரில் பட்டதும் உடைந்துபோகும். பழைய பெயரட்டையை வெட்டி அதைச் செய்தேன். டார்ப்பிடோவே 6 மில்லிமீட்டர் தடிமன்தான். இருமினால் பறந்துவிடும்.

வெகுதூரம் பறக்க வேண்டும் என்பதற்காக எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பாதுகாப்பே வைக்கவில்லை. குண்டு பட்டால் குப்பென்று பற்றும். ‘லைட்டர்’ என்றே பட்டப்பெயர் வந்தது. உள்ளே ஏழு பேர்.

முடித்ததும் ஹாலில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். பாட்டி வந்து தொட்டுப் பார்த்தார். 92 வயது. சிவப்பு வட்டத்தில் விரல் நின்றது.

“இது எந்த ஊரு பிளேனுய்யா?”

“ஜப்பான்காரன் பிளேன் பாட்டி.”

கையை எடுத்துவிட்டார். “அவன எதுக்குய்யா வூட்டுக்குள்ள கூட்டியாந்த?”

பாட்டியின் அப்பாவைத் தோட்டத்து லயத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிப் போனார்கள். திரும்பவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்படிப் போன தமிழர்கள் பல்லாயிரம். இது எனக்குத் தெரியாததல்ல. ஆண்டுதோறும் நிகழ்ச்சியில் பேசுகிறேன். ஆனாலும் பச்சையா பழுப்பா என்று மண்டையை உடைத்துக்கொண்ட மூன்று மாதத்தில் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை.

அவருக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. எப்படி இருப்பார் என்று கேட்டேன்.

“உசரம். லயத்துக் கதவுல குனிஞ்சுதான் நொழைவாரு.”

அவ்வளவுதான் பாட்டிக்கு ஞாபகம். அப்போது அவர் சிறுமி.

சயாம் பாதையில் ஓடிய சி56 ரயில் இன்ஜினுக்கு மாடல் கிடைக்கிறது. ராணுவ வீரர்கள் டஜன் கணக்கில் கிடைக்கிறார்கள். மண்வெட்டி பிடித்த தமிழ்த் தொழிலாளியை நான் இதுவரை எந்தப் பெட்டியிலும் பார்க்கவில்லை. ஐந்தே முக்கால் அடி மனிதர் அந்த அளவில் இரண்டரை சென்டிமீட்டர்கூட வரமாட்டார். மெழுகுக் களிமண்ணில் செய்து பார்க்கிறேன். இரண்டு முறை உருட்டிக் கலைத்தாயிற்று, முகம் வரவில்லை.

விமானம் இப்போது என் அறை அலமாரியில் இருக்கிறது. அறைக் கதவைச் சாத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார் பாட்டி.